நான்கு நிமிடம் இருபது நொடி

(பொறியியல் கல்லூரி ஒன்றின் கணினித் துறை மாலைக் கூட்டத்தில் ஆற்றிய உரையின் அச்சு வடிவம்)

கதவுக்குப் பக்கமாகப் பார்த்து இடம் பிடித்திருக்கும் கடைசி வரிசைக்குத் தனி வணக்கம். நானும் அந்த வரிசையில் படித்தவன்தான்.

அழைப்பிதழில் இன்றைய தலைப்பு "மல்டிகாஸ்ட் ரௌட்டிங்: பழுதுகளும் கண்டறியும் முறைகளும்" என்று அச்சாகியிருக்கிறது. அதை வாசித்துவிட்டு என் மனைவி, "இதைக் கேட்க ஆள் வருமா?" என்றாள். வந்திருக்கிறீர்கள். வருகைப்பதிவு உண்டு என்றும் கேள்விப்பட்டேன். எப்படியோ, நன்றி.

இலக்கணத்தைப் பிறகு பார்ப்போம். முதலில் ஒரு ஹாஸ்டல் மெஸ்ஸுக்குள் போவோம்.

பெரிய வளாகம் ஒன்று. பெயர் வேண்டாம். அங்கே மூன்று விடுதிகள். ஒவ்வொரு சாப்பாட்டுக் கூடத்திலும் ஒரு டிவி, டிவிக்குப் பின்னால் கையகலப் பெட்டி. டிஷ் கிடையாது, கேபிள்காரர் கிடையாது. வளாகத்தின் மறுகோடியில் இருக்கும் சர்வர் அறையிலிருந்து பன்னிரண்டு சேனல்கள் கம்ப்யூட்டர் நெட்வொர்க் வழியாகவே வந்துகொண்டிருந்தன. இரண்டு வருடம் ஒழுங்காக ஓடியது. ஒரு திங்கட்கிழமை முதல் படம் அப்படியே உறைந்து நிற்க ஆரம்பித்தது.

பெட்டியை அணைத்துப் போட்டால் வரும். ஆள் வந்து நெட்வொர்க் கேபிளை மாற்றினார், படம் வந்தது. "கேபிள்தான் போயிருந்தது" என்று சொல்லிவிட்டு டீ குடிக்கப் போனார். டீ ஆறுவதற்குள் நின்றது. பெட்டியை மாற்றினார்கள், வந்தது, நின்றது. சுவிட்ச்சில் வேறு போர்ட்டில் செருகினார்கள், வந்தது, நின்றது. எதைத் தொட்டாலும் பழுது சரியானது போலவே காட்டியதுதான் இதில் கொடுமை. நான் போய்ச் சேர்வதற்குள் மூன்று பேர் மூன்று காரணங்களைக் கண்டுபிடித்து, மூன்றுக்கும் பில் போட்டிருந்தார்கள்.

நான் போனபோது மெஸ்ஸில் பரிமாறுகிற அண்ணன் ஒருவர் ரிமோட்டைக் கையில் வைத்திருந்தார். அவரே வந்து சொன்னார்: "சார், வேற சேனலுக்குப் போயிட்டுத் திரும்பி வந்தா படம் வந்துரும் சார். கொஞ்ச நேரம் ஓடும். அப்புறம் மறுபடி மாத்தணும்."

"எவ்வளவு நேரம்ணே ஓடும்?"

"நாலு நிமிஷம் தாண்டும். அஞ்சு ஆகாது."

போனில் ஸ்டாப்வாட்ச்சைப் போட்டு நின்றேன். முதல் முறை 4 நிமிடம் 19 நொடி. சேனலை மாற்றி மறுபடி: 4 நிமிடம் 21 நொடி. மூன்றாவது தடவை சரியாக 4 நிமிடம் 20 நொடி. பையிலிருந்து லேப்டாப்பை இன்னும் எடுக்கவில்லை. பழுது எங்கே என்று எனக்கு ஏறக்குறைய தெரிந்துவிட்டது. கேபிளோ பெட்டியோ கெட்டுப்போனால் கடிகாரம் பார்த்துக் கெட்டுப்போகாது. 260 நொடி என்பது யாரோ உட்கார்ந்து கூட்டிப் பெருக்கி எழுதிவைத்த எண்.

அது யார், ஏன் எழுதினார்கள் என்பதுதான் இன்றைய பேச்சு.

ஒரு வீடியோவை ஒருவருக்கு அனுப்புவது யூனிகாஸ்ட். 500 அறைகளுக்கு 8 மெகாபிட் வீடியோவைத் தனித்தனியாக அனுப்பினால் சர்வர் வாசலில் 4,000 மெகாபிட், அதாவது 4 கிகாபிட். மல்டிகாஸ்ட்டில் அதே வாசலில் 8 மெகாபிட் மட்டும்தான். ஒரே பிரதி கிளம்பும். வழி எங்கே பிரிகிறதோ அங்கேதான் ரௌட்டரோ சுவிட்ச்சோ நகல் எடுக்கும். அனுப்புபவர் யாருடைய முகவரியையும் எழுதுவதில்லை. 224இல் தொடங்கி 239 வரை போகும் எண்களில் ஒன்றை, உதாரணத்துக்கு 239.1.1.1 என்பதை, குழுவின் பெயராக எழுதி அனுப்பிவிடுவார். வேண்டியவர்கள் அந்தக் குழுவில் சேர்ந்துகொள்வார்கள். யார் கேட்கிறார்கள், எத்தனை பேர், யாருக்காவது போய்ச் சேர்ந்ததா என்பது அனுப்புபவருக்குத் தெரியாது. தெரியவேண்டியதும் இல்லை.

இதை வடிவமைத்தவர் ஸ்டீவ் டீரிங். ஸ்டான்ஃபோர்டில் டேவிட் செரிட்டனிடம் ஆராய்ச்சி மாணவராக இருந்தபோது தொடங்கிய வேலை. இருவரும் சேர்ந்து எழுதிய முதல் ஆவணம் 1985 டிசம்பரில் வந்தது. இன்றுவரை அடித்தளமாக நிற்கும் ஆர்.எஃப்.சி. 1112 வெளியானது 1989 ஆகஸ்டில். நான் முதன்முதலாக அதைப் படித்தபோது பக்கங்கள் இவ்வளவு குறைவா என்று ஆச்சரியப்பட்டேன். தொல்லை முழுக்கப் பிறகு வந்தவர்கள் சேர்த்ததுதான் என்று நினைத்துக்கொண்டேன். அது தவறு. தொல்லையின் விதை அந்தச் சில பக்கங்களிலேயே இருந்தது.

வாய்க்கால் பாசனம் பார்த்து வளர்ந்தவர்கள் இந்தக் கூட்டத்தில் நிறையப் பேர் இருப்பீர்கள். கடைமடை வயலுக்குத் தண்ணீர் வரவில்லை என்றால் மண்வெட்டியைத் தோளில் போட்டுக்கொண்டு வாய்க்கால் கரையோடு மேலே நடந்து போவோம். எந்த மடை அடைபட்டிருக்கிறது என்று பார்த்துக்கொண்டே போவோம். மல்டிகாஸ்ட்டிலும் அந்த நடைதான். ஆனால் ஒரு வித்தியாசம் உண்டு. நம் ஊரில் மதகை ஒருமுறை திறந்துவிட்டால் யாராவது வந்து மூடும் வரை திறந்தே இருக்கும். இங்கே எல்லா மதகுகளும் தாமாக மூடிக்கொள்ளும் மதகுகள். "தண்ணீர் வேண்டும்" என்று கீழே இருப்பவர் சொன்னால் திறக்கும். அவர் மறுபடி மறுபடி சொல்லிக்கொண்டே இருந்தால் திறந்திருக்கும். சொல்வது நின்றால், ஒரு கணக்கு வைத்து, சத்தமில்லாமல் மூடிவிடும்.

யூனிகாஸ்ட் பாதையை யாரும் பயன்படுத்தாவிட்டாலும் அது ரௌட்டிங் டேபிளில் உட்கார்ந்திருக்கும். மல்டிகாஸ்ட் பாதை அப்படி இல்லை. கேட்பவர்கள் கேட்டுக்கொண்டிருக்கும் வரைதான் அது பாதை. ஆகவே படம் வரவில்லை என்று யாராவது சொன்னால் "வீடியோ எங்கே நின்றது?" என்று தேடாதீர்கள். "கேட்டவரின் குரல் எங்கே அறுந்தது?" என்று தேடுங்கள். குரல் ஏறாத வழியில் வீடியோ இறங்காது.

மெஸ்ஸுக்குத் திரும்புவோம். பெட்டி ஒரு சேனலைத் திறக்கும்போது ஐ.ஜி.எம்.பி. என்ற மொழியில் "நான் 239.1.1.1 குழுவில் இருக்கிறேன்" என்று ஒரு வார்த்தை சொல்லும். பெட்டிக்கும் ரௌட்டருக்கும் நடுவில் இருக்கும் சுவிட்ச் இந்தப் பேச்சை ஒட்டுக்கேட்கும். அதற்குப் பெயரே ஸ்னூப்பிங்தான். கேட்டுவிட்டு, "இந்த போர்ட்டில் இந்தக் குழுவுக்கு ஆள் இருக்கிறது" என்று குறித்துக்கொண்டு மதகைத் திறக்கும். அதன் பிறகு பெட்டி தானாக வாயைத் திறக்காது. யாராவது "குழுவில் யார் இருக்கிறீர்கள்?" என்று கேட்டால்தான் மறுபடி பதில் சொல்லும். அப்படிக் கேட்கும் பொறுப்பு க்வெரியருக்கு, வழக்கமாக ரௌட்டருக்கு. நிலையான கணக்கு 125 நொடிக்கு ஒருமுறை. பதில் சொல்ல 10 நொடி அவகாசம். ஒரு கேள்வி வழியில் தொலைந்தாலும் பரவாயில்லை என்று இரண்டு சுற்று பொறுத்துப் பார்ப்பார்கள். 125ஐ இரண்டால் பெருக்கிப் பத்தைக் கூட்டுங்கள்.

260. நான்கு நிமிடம் இருபது நொடி.

என்ன நடந்தது என்றால், அந்தத் திங்கட்கிழமைக்கு முந்தைய ஞாயிறன்று பாதுகாப்புக்காக ஒரு புது ஃபயர்வால் வாங்கி மாட்டியிருந்தார்கள். டிவிப் பெட்டிகள் இருந்த வீலானின் கேட்வே, நடுநாயகமாக இருந்த பெரிய சுவிட்ச்சிலிருந்து ஃபயர்வாலுக்கு மாறியது. இன்டர்நெட் ஓடியது, மெயில் ஓடியது, எல்லோரும் கைகுலுக்கிக்கொண்டு வீட்டுக்குப் போனார்கள். பழைய சுவிட்ச் கேட்வேயாக இருந்தவரை கூடவே க்வெரியராகவும் இருந்தது. அதை யாரும் நியமிக்கவில்லை. மல்டிகாஸ்ட் ரௌட்டிங் போட்டிருந்ததால் தானாகவே பார்த்துவந்த வேலை. கேட்வே போனதும் அந்த வேலையும் போய்விட்டது. வீலானில் "யார் இருக்கிறீர்கள்?" என்று கேட்க ஆள் இல்லை. பெட்டிகளோ கேட்டால்தான் பேசும். 260 நொடி ஆனதும் சுவிட்ச் குறிப்பை அழித்துவிட்டு மதகை மூடியது. சேனல் மாற்றினால் பெட்டி புதிதாகச் சேரும், இன்னொரு 260 நொடி கிடைக்கும். பரிமாறுகிற அண்ணன் தனக்கே தெரியாமல் இரண்டு வாரமாகக் கையால் க்வெரியர் வேலை பார்த்துக்கொண்டிருந்தார்.

குறிப்பு இல்லாத குழுவை எல்லா போர்ட்டுக்கும் இறைத்துவிடும் சுவிட்ச்களும் உண்டு. அப்படி ஒன்று அங்கே இருந்திருந்தால் டிவி நிற்காது; அதற்குப் பதிலாக ஆபீஸ் கம்ப்யூட்டர்கள் எல்லாம் காரணம் புரியாமல் மந்தமாகியிருக்கும். எது பரவாயில்லை என்று கேட்டால், படம் நின்றுபோவதே மேல் என்பேன். நின்றால் யாராவது புகார் சொல்வார்கள்.

வைத்தியம், பெரிய சுவிட்ச்சில் க்வெரியரை இயக்கும் ஒரு வரி கட்டளை. அதற்கு நான் எவ்வளவு பில் போட்டேன் என்று கேட்காதீர்கள்.

உங்கள் கருவியில் க்வெரி இடைவெளியை 60 நொடி என்று வைத்திருந்தால் கணக்கு 130 நொடியாக மாறும். எண் முக்கியம் இல்லை. நின்ற நேரம் ஒவ்வொரு தடவையும் ஒன்றாக இருக்கிறதா என்பதுதான் முக்கியம். ஒன்றாக இருந்தால் ஒயரைத் தொடாதீர்கள், கடிகாரத்தைத் தேடுங்கள். பயனாளரிடம் நான் முதலில் கேட்கும் கேள்வி "எத்தனை நேரம் ஓடி நின்றது?" என்பதுதான். பல பேர் இதைக் கேட்பதே இல்லை. அவர்கள் முதலில் கேட்பது "ரீஸ்டார்ட் பண்ணிப் பார்த்தீங்களா?". மல்டிகாஸ்ட்டில் இதைவிட ஆபத்தான கேள்வி கிடையாது, ஏனென்றால் ரீஸ்டார்ட் பண்ணினால் நிச்சயம் வேலை செய்யும்.

நேரத்தை வைத்துப் பிடித்த இன்னொரு பழுது. ஒரு டிவி அவ்வப்போது நிற்கும், ஒரு நிமிடமோ இரண்டு நிமிடமோ கழித்துத் தானே வந்துவிடும். ஒழுங்கே இல்லை என்றார்கள். பக்கத்து அறையில் உட்கார்ந்து பார்த்தபோதுதான் ஒழுங்கு தெரிந்தது: அங்கே யாராவது அதே சேனலை விட்டு வேறு சேனல் மாற்றினால் இங்கே நிற்கும். இரண்டு பெட்டிகளையும் ஒரு சின்ன ஐந்து போர்ட் சுவிட்ச்சில் செருகி, அதைப் பெரிய சுவிட்ச்சின் ஒரே போர்ட்டில் சேர்த்திருந்தார்கள். பெரிய சுவிட்ச்சில் 'உடனே விடுவி' என்ற வசதி போட்டிருந்தது: ஒருவர் "நான் கிளம்புகிறேன்" என்றவுடன், வேறு யாராவது இருக்கிறார்களா என்று கேட்காமலே மதகை மூடிவிடும். ஒரு போர்ட்டுக்கு ஒரு பெட்டி என்றால் அருமையான வசதி. இரண்டு என்றால் ஒருவர் எழுந்து போகும்போது இன்னொருவருடைய விளக்கையும் அணைத்துவிட்டுப் போவது மாதிரி. அடுத்த க்வெரி வரும்போது இந்தப் பெட்டி "நான் இருக்கிறேன்" என்று சொல்லும், படம் திரும்பும். பயனாளர் கண்ணுக்கு அது பேய் பிடித்த டிவி.

இதுவரை சொன்னதெல்லாம் ஒரே வீலானுக்குள் நடந்தவை. ரௌட்டர்களைத் தாண்டும்போது சங்கதி வேறு.

1992 மார்ச்சில் அமெரிக்காவின் சான் டியாகோ நகரில் இணையப் பொறியாளர்களின் கூட்டம் நடந்தது. அங்கே பேசியதை மல்டிகாஸ்ட் மூலம் மூன்று கண்டங்களில் 20 இடங்களுக்கு நேரடியாகக் கேட்கவைத்தார்கள். வழியில் இருந்த ரௌட்டர்களில் பெரும்பாலானவற்றுக்கு மல்டிகாஸ்ட் என்றால் என்னவென்றே தெரியாது. அதனால் மல்டிகாஸ்ட் பாக்கெட்டைச் சாதாரண பாக்கெட்டுக்குள் திணித்துச் சுரங்கம் வழியாகக் கடத்தினார்கள். அந்தச் சுரங்க வலைக்கு எம்போன் என்று பெயர் வந்தது. 1994 நவம்பர் 18 அன்று டல்லாஸில் நடந்த ரோலிங் ஸ்டோன்ஸ் கச்சேரியின் ஒரு பகுதி அதில் ஒளிபரப்பானது. அதற்குமுன் அதே எம்போனில் இன்னொரு குழு அழைப்பே இல்லாமல் பாடி முடித்திருந்தது: சிவியர் டயர் டேமேஜ் என்ற, கணினிப் பொறியாளர்கள் சேர்ந்து நடத்திய இசைக்குழு. யாருடைய அனுமதியும் அவர்களுக்குத் தேவைப்படவில்லை. டீரிங்கின் வடிவமைப்பில் குழுவுக்கு யார் வேண்டுமானாலும் அனுப்பலாம். வேடிக்கையாக இருக்கிறது, இல்லையா? ஒரு நிறுவனத்தின் நெட்வொர்க்கில் தவறான கருவி ஒன்று உங்கள் சேனலுக்குள் குப்பையை அனுப்பும்போது வேடிக்கையாக இருக்காது. குழுவோடு, யார் அனுப்பினால் ஏற்பேன் என்பதையும் சேர்த்துச் சொல்லும் முறை பின்னால் வந்தது. 232 என்று தொடங்கும் முகவரிகள் அதற்கானவை. புதிதாக ஒன்றைக் கட்டப்போகிறீர்கள் என்றால் முடிந்தவரை அதையே எடுங்கள். பாதிப் பழுதுகள் பிறக்காமலே போகும்.

எம்போன் காலத்துப் பொறியாளர்கள் நமக்கு விட்டுச்சென்ற நல்ல கருவி எம்ட்ரேஸ். சாதாரண ட்ரேஸ் கட்டளை நம்மிடமிருந்து போகவேண்டிய இடத்தை நோக்கி நடக்கும். எம்ட்ரேஸ் தலைகீழ். கேட்பவருக்குப் பக்கத்து ரௌட்டரில் தொடங்கி, ஒவ்வொரு ரௌட்டராக அனுப்புபவரை நோக்கி மேலே ஏறும். மண்வெட்டியோடு நடக்கும் கடைமடைக்காரர் மாதிரியே. மரம் எந்தத் திசையில் வளர்கிறதோ அந்தத் திசையில்தான் தேடவேண்டும் என்பது அவர்களுக்குத் தெரிந்திருந்தது. 2018இல் அதன் இரண்டாம் பதிப்பும் வரையறுக்கப்பட்டது. இருந்தும் இன்று பல நெட்வொர்க்குகளில் அது இயங்காது. நாமே ஒவ்வொரு ரௌட்டராக உள்ளே போய்ப் பார்க்கவேண்டியிருக்கிறது.

அப்படி ஏறிப்போனபோது கண்ட ஒன்றைக் கொஞ்சம் நிதானமாகச் சொல்கிறேன்.

இரண்டு கட்டடங்கள். ஒன்றில் கண்காணிப்புக் கேமராக்கள், இன்னொன்றில் அவற்றைப் பார்க்கும் அறை. நடுவில் ஒரு ஃபைபர். பழைய ஃபைபர் 1 கிகாபிட்; பக்கத்திலேயே 10 கிகாபிட்டில் புதிதாக ஒன்று போட்டார்கள். மறுநாள் காலை பார்க்கும் அறையில் திரைகள் எல்லாம் கறுப்பு. பிங் அடித்தால் கேமராவிலிருந்து பதில் உடனே வருகிறது, முன்னைவிட வேகமாகவே. "பிங் போகுது சார், நெட்வொர்க் ஓகே" என்றார் நெட்வொர்க்காரர். "கேமராவும் ஓகே" என்றார் கேமராக்காரர். இரண்டு நாள் இரண்டு ஓகேக்கள் முட்டிக்கொண்டு நின்றன. இரண்டுமே உண்மை என்பதுதான் சிக்கல்.

பார்க்கும் அறைப் பக்கத்து ரௌட்டரில் ஷோ ஐபி எம்ரௌட் அடித்தேன். கேமரா 14க்கான எஸ் கமா ஜி வரி இருந்தது. எஸ் என்றால் அனுப்புபவர், ஜி என்றால் குழு. கீழே போகவேண்டிய திசை சரியாக இருந்தது. அதாவது கேட்பவரின் குரல் இந்த ரௌட்டர் வரை வந்துவிட்டது. அதற்கு மேலே உள்ள வரியில் இன்கமிங் இன்டர்ஃபேஸ்: நல். ஆர்.பி.எஃப். நெய்பர்: 0.0.0.0. இந்தப் பூஜ்யங்களை மனதில் வைத்துக்கொள்ளுங்கள். உங்கள் வேலை வாழ்க்கையில் பல தடவை சந்திப்பீர்கள்.

மல்டிகாஸ்ட் பாக்கெட் ஒன்று வந்தால் ரௌட்டர் அது எங்கே போகிறது என்று முதலில் பார்ப்பதில்லை. எங்கிருந்து வந்தது என்று பார்க்கும். "இதை அனுப்பியவருக்கு நான் ஒரு கடிதம் போடுவதானால் எந்த வாசல் வழியாகப் போடுவேன்?" என்று தன் யூனிகாஸ்ட் டேபிளைப் பார்த்துக் கேட்டுக்கொள்ளும். அந்த வாசல் வழியாக வந்திருந்தால் ஏற்கும். வேறு வாசலில் வந்திருந்தால் கீழே போட்டுவிடும். ஆர்.பி.எஃப். என்பது இந்தச் சோதனைதான். அநியாயம் போலத் தெரியும். ஆனால் மல்டிகாஸ்ட் பாக்கெட் வட்டத்தில் சிக்கினால் ஒவ்வொரு சுற்றிலும் நகல் எடுத்துப் பெருகும். சில நொடியில் நெட்வொர்க்கே மூழ்கிவிடும். அதனால்தான் இந்தக் கெடுபிடி. "எனக்கு வேண்டும்" என்ற ஜாயின் செய்தியும் இதே வாசல் வழியாகத்தான் மேலே போகும்.

இங்கே நடந்தது இதுதான். புது ஃபைபர் வேகமானது என்பதால் யூனிகாஸ்ட் டேபிள் அதற்குத் தாவிவிட்டது. கேமராவுக்குக் கடிதம் போடும் வாசல் இப்போது புது வாசல். ஆனால் மல்டிகாஸ்ட் ரௌட்டர்கள் பேசிக்கொள்ளும் பிம் என்ற மொழியைப் பழைய வாசலில் மட்டும்தான் போட்டிருந்தார்கள். புது வாசலில் போட மறந்துவிட்டார்கள். ரௌட்டர் புது வாசலைத் தட்டி "கேமரா 14 வேண்டும்" என்று சொல்லப் பார்க்கிறது. அந்தப் பக்கம் காது இல்லை. பழைய வாசலில் காது இருக்கிறது, ஆனால் விதிப்படி அங்கே தட்டக்கூடாது. குரல் தொண்டையிலேயே நின்றுவிட்டது. பிங் ஏன் போனது? பிங்குக்கு பிம் தேவையில்லை. பிங் யூனிகாஸ்ட். மல்டிகாஸ்ட் பற்றிப் பிங்கிடம் விசாரிப்பது, பஸ் ஓடுகிறது என்பதால் ரயிலும் ஓடும் என்று நம்புவது.

புது வாசலின் இரண்டு பக்கமும் பிம் போட்டதும் திரைகள் ஒன்றன்பின் ஒன்றாக விழித்தன. அங்கிருந்த இன்னொருவர் வேறு வைத்தியம் சொன்னார்: யூனிகாஸ்ட்டைக் கண்டுகொள்ளாமல், மல்டிகாஸ்ட்டுக்கு மட்டும் பழைய வழியே போ என்று ஸ்டாட்டிக் எம்ரௌட் எழுதிவிடலாம் என்று. வேலை செய்யும். எனக்கு அதில் விருப்பம் இல்லை. மூன்று வருடம் கழித்து யாராவது பழைய ஃபைபரை அறுப்பார்கள்; அன்றைக்கு அந்த வரியை எழுதியவர் வேறு கம்பெனியில் இருப்பார்.

மற்ற பழுதுகளை வேகமாகத் தாண்டுகிறேன்.

அனுப்பும் கணினியிலேயே ஒரு பழுது உண்டு. ஒவ்வொரு பாக்கெட்டுக்கும் டி.டி.எல். என்ற ஆயுள் எண் உண்டு. ரௌட்டரைத் தாண்டும்போது ஒன்று குறையும். புரோகிராமர் எதுவும் சொல்லாவிட்டால் மல்டிகாஸ்ட் பாக்கெட்டின் ஆயுள் 1 என்று 1989 ஆவணமே வரையறுத்திருக்கிறது. முதல் ரௌட்டரிலேயே கதை முடிந்தது. மேஜையில் பக்கத்தில் இருக்கும் கணினிக்கு வரும், அடுத்த கட்டடத்துக்கு வராது. மாணவர்கள் புராஜெக்ட் செய்யும்போது பத்தில் எத்தனை பேர் இதில் விழுகிறார்கள் என்று கணக்கெடுக்கவில்லை. என்னிடம் வந்தவர்களில் பெரும்பாலோர் விழுந்திருந்தார்கள். வயர்ஷார்க்கில் ஒரே பாக்கெட்டைப் பிடித்து அந்த எண்ணைப் பார்த்தால் போதும். லேப்டாப்பில் வைஃபை, ஈதர்நெட், விபிஎன் மூன்றும் இருந்தால் 'குழுவில் சேர்கிறேன்' என்ற செய்தி எதன் வழியாகப் போனது என்பதையும் அங்கேயே பாருங்கள். பல சமயம் விபிஎன் வழியாக ஊரைச் சுற்றப் போயிருக்கும்.

முகவரியில் ஒரு பள்ளம். ஐபி குழு முகவரியை ஈதர்நெட் முகவரியாக மாற்றும்போது 23 பிட்தான் இடம் இருக்கிறது. குழுவுக்குத் தேவை 28. டீரிங் 16 தொடர் எண் தொகுதிகளை வாங்கக் கேட்டதாகவும், ஒன்றின் விலை ஆயிரம் டாலர் என்பதால் ஜான் போஸ்டல் ஒன்றை மட்டும் வாங்கி அதிலும் பாதியையே கொடுத்ததாகவும் நெட்வொர்க்காரர்கள் மத்தியில் ஒரு கதை உலவுகிறது. கதை எப்படியோ, விளைவு இதுதான்: 32 குழுக்களுக்கு ஒரே ஈதர்நெட் முகவரி. 224.0.0.1 என்பது எல்லாக் கணினிகளுக்குமான குழு. அதைச் சுவிட்ச் தடுக்கவே தடுக்காது. உங்கள் வீடியோவுக்கு 239.0.0.1 என்று அழகாக, ஞாபகம் வைக்க வசதியாக ஓர் எண் கொடுத்தால், ஈதர்நெட் முகவரியை மட்டும் பார்க்கும் சுவிட்ச்சின் கண்ணுக்கு இரண்டும் ஒன்று. வீடியோ எல்லா போர்ட்டிலும் கொட்டும். 224.0.0 என்று தொடங்கும் எதையும் எந்த ரௌட்டரும் தாண்டவிடாது என்பதையும் சேர்த்துக்கொள்ளுங்கள். அழகான எண்ணைத் தேடாதீர்கள்.

ஃபயர்வால் பற்றி ஒரு வார்த்தை. "டிசிபி, யுடிபி எல்லாம் திறந்துவிட்டேன்" என்பார்கள். பிம் இரண்டும் இல்லை. அது ஐபியில் 103ஆம் எண் புரோட்டோகால், ஐ.ஜி.எம்.பி. 2ஆம் எண். கேட்பவரும் அனுப்புபவரும் ஒருவரை ஒருவர் அறியாத நெட்வொர்க்கில் ஆர்.பி. என்றொரு சந்திப்பு ரௌட்டர் இருக்கும். புதிதாகப் பேசத் தொடங்கியவரின் பாக்கெட்டை அவருக்குப் பக்கத்து ரௌட்டர் உறையில் போட்டு அங்கே அனுப்பிவைக்கும். 103 அடைபட்டால் அந்த உறை போகாது. கேட்பவர்கள் எல்லாம் சந்திப்பு இடத்தில் காத்திருப்பார்கள், மணமகன் ஊர் எல்லையில் நிற்பார். எல்லா ரௌட்டர்களும் ஒரே ஆர்.பி. முகவரியைச் சொல்கின்றனவா என்றும் பாருங்கள். பாதி ரௌட்டர்கள் ஒரு மண்டபத்திலும் மீதி இன்னொரு மண்டபத்திலும் காத்திருந்த கல்யாணத்தையும் பார்த்திருக்கிறேன்.

அறிவிப்பு ஒலிபெருக்கிகள் இப்போது மல்டிகாஸ்ட்டில் வருகின்றன. அங்கே ஒரு வினோதமான புகார்: அறிவிப்பின் முதல் எழுத்துகள் கேட்பதில்லை. "பயணிகளின் கனிவான கவனத்திற்கு" என்றால் "ணிகளின் கனிவான கவனத்திற்கு" என்றே வரும். அனுப்புபவர் 210 நொடி பேசாமல் இருந்தால் ரௌட்டர் அவரை மறந்துவிடும். அடுத்த அறிவிப்பு ஐந்து நிமிடம் கழித்து வந்தால் மரத்தைப் புதிதாகக் கட்டவேண்டும். கட்டும் சமயத்தில் முதல் சில பாக்கெட்டுகள் விழக்கூடும். மைக்கைக் குறை சொல்லாதீர்கள். அறிவிப்புகளுக்கு நடுவிலும் அனுப்பும் கருவி மெல்லிய மௌனத்தை அனுப்பிக்கொண்டே இருக்கும்படி செய்தால் மறதி வராது.

இதெல்லாம் டிவிக்கும் கேமராவுக்கும் மட்டும் உரிய கவலை என்று நினைத்துவிடாதீர்கள். ஐபிவி6இல் பிராட்காஸ்ட் என்பதே கிடையாது. பக்கத்துக் கணினி எங்கே என்று விசாரிப்பதுகூட மல்டிகாஸ்ட்தான். அதன் வடிவமைப்பில் முன்னின்றவர்களில் ஒருவர் நம் டீரிங்தான் என்பது உங்களுக்கு வியப்பாக இருக்காது.

பங்குச் சந்தையையும் எடுத்துக்கொள்ளுங்கள். நம் தேசியப் பங்குச் சந்தை ஒரு காலத்தில் நொடிக்கு நொடி விலைத் தகவலை டிசிபி மூலம், இணைந்திருப்பவர்களுக்கு ஒருவர் பின் ஒருவராக அனுப்பிவந்தது. முதலில் இணைந்தவருக்கு முதலில் போய்ச் சேரும். கண்ணிமைக்கும் நேரத்தில் பாதிகூட இல்லாத அந்த முன்பின்னில் காசு இருக்கிறது. செபி 2019 ஏப்ரலில் பிறப்பித்த உத்தரவு இந்த வரிசை விவகாரத்தை விரிவாக அலசியது. மேல்முறையீடு எல்லாம் தனிக் கதை. அந்த உத்தரவு வருவதற்குப் பல ஆண்டுகள் முன்பே சந்தை மல்டிகாஸ்ட்டுக்கு மாறத் தொடங்கிவிட்டது. ஒரே பிரதி என்றால் யாருக்கு முதலில் என்ற கேள்வி வெகுவாகக் குறைந்துவிடும். அதற்கு ஒரு விலை உண்டு: யுடிபியில் வரும் பாக்கெட் தொலைந்தால் யாரும் திரும்ப அனுப்பமாட்டார்கள். அதனால் உலகின் பல சந்தைகள் ஒரே தகவலை இரண்டு குழுக்களில் அனுப்புகின்றன. ஒன்றில் விட்டதை இன்னொன்றில் பிடித்துக்கொள்ளலாம். இந்த ஏற்பாட்டில் எனக்குப் பயமான பழுது, இரண்டில் ஒன்று எப்போதோ செத்துப்போயிருப்பது. இன்னொன்று ஓடுவதால் யாருக்கும் தெரியாது. இரண்டாவது தும்மும் அன்றுதான் முதலாவது இல்லை என்று தெரியும். அங்கே வேலைக்குப் போகிறவர்கள் இரண்டு குழுக்களின் பாக்கெட் எண்ணிக்கையையும் தினமும் தனித்தனியாகப் பாருங்கள். கூட்டிப் பார்க்காதீர்கள்.

நேரமாகிவிட்டது, துறைத்தலைவர் கடிகாரத்தைப் பார்க்கிறார். கடைசியாக ஒரு வேலை மட்டும் கொடுக்கிறேன். நாளை லேபில் ஒரு சுவிட்ச், இரண்டு கணினிகள் எடுத்துக்கொள்ளுங்கள். ஸ்னூப்பிங் இயங்கட்டும், குறிப்பில்லாத குழுவை இறைக்காதபடி அமைத்துவிடுங்கள். ஒன்றிலிருந்து விஎல்சியில் ஒரு படத்தை 239.10.20.30க்கு அனுப்பி, மற்றதில் பாருங்கள். க்வெரியரை அணைத்துவிட்டு, பார்க்கும் கணினியில் படத்தை ஒருமுறை நிறுத்தித் திரும்பத் திறங்கள். ஸ்டாப்வாட்ச்சை அழுத்திவிட்டு, யாரும் எதையும் தொடாமல், அந்தப் படத்தைப் பார்த்துக்கொண்டே உட்காருங்கள். படம் உறையும்போது மணியைக் குறித்துவையுங்கள். உங்கள் சுவிட்ச் என்ன எண் சொல்கிறது என்று எனக்குத் தெரியாது. நீங்களே கண்டுபிடித்து, அது எந்த எண்களைப் பெருக்கிக் கூட்டியதில் வந்தது என்று எழுதுங்கள்.

முடிந்ததும் க்வெரியரைத் திரும்பப் போட்டுவிட்டுக் கிளம்புங்கள். லேப் பொறுப்பாளருக்கு என் நம்பர் தெரியும்.